நூலகக் கதவும் நகரத்தின் கணக்கும்

மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி

சென்ற ஆண்டு அப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது, அரையாண்டு வீட்டு வரி கட்டுவதற்காக நகராட்சி அலுவலகத்துக்கு நான் போக வேண்டியதாயிற்று. வரிசையில் அரை மணி நேரம் நின்று பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கிப் பார்த்தேன். சொத்து வரி ரூ. 480. அதற்குக் கீழே நூலக வரி ரூ. 48.

"இது என்னங்க சார், நூலகத்துக்கு நாங்க எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டேன்.

"அது சட்டம்மா. எல்லாரும் கட்டறதுதான்" என்று சொல்லிவிட்டு, சன்னலில் எனக்குப் பின்னால் நின்றவரை அவர் அழைத்துவிட்டார்.

ஆறாம் வகுப்பிலிருந்து நான் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர். காப்புத் தொகை கட்டி அட்டை வாங்கிய நாளை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அங்கு எரியும் குழல் விளக்குக்கும், கம்பியில் தொங்கும் நாளிதழுக்கும், நாற்காலிக்கும் யார் பணம் தருகிறார்கள் என்று ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் எண்ணிப் பார்த்ததில்லை. பொருளியல் படிக்கும் மாணவிக்கு இது பெருமை தரும் செய்தி அன்று. 'அரசாங்கம்' என்று ஒரு சொல்லில் விடையை முடித்து வைத்திருந்தேன்.

அந்த ரசீது புத்தகப் பைக்குள் கிடந்த வாரத்தில்தான் எங்கள் பேராசிரியர் பொது நிதியியல் பாடத்துக்கு ஒப்படைப்பு கொடுத்தார். ஒவ்வொருவரும் ஒரு மாநகரின் வரவு செலவுத் திட்டத்தை எடுத்து, அதில் ஏதேனும் ஒரு செலவினம் எப்படிக் கூடுகிறது, எப்படிக் குறைகிறது என்று எழுத வேண்டும். வரிசை எண்படி எனக்கு வந்தது நியூயார்க். உள்ளூர் நகரம் ஏதாவது வாய்த்திருக்கக் கூடாதா என்று முதலில் சலித்துக்கொண்டேன். செலவினம் எதுவென்பது மட்டும் என் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. ரசீதின் நினைவில் நூலகம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒப்படைப்பில் நான் கற்றதையும், எழுதி முடித்த பிறகு கற்றதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கல் சிங்கங்களின் ஊர்

நியூயார்க்கில் பொது நூலக அமைப்புகள் மூன்று. மன்ஹாட்டன், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய பகுதிகளுக்கு நியூயார்க் பொது நூலகம். புரூக்ளினுக்கு ஒன்று, குயின்ஸுக்கு ஒன்று. மூன்றுக்கும் சேர்ந்து 200-க்கு மேற்பட்ட கிளைகள். படங்களில் நாம் காணும் பளிங்குக் கட்டிடம் 1911-இல் திறக்கப்பட்டது. அதன் வாயிலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மேயராக இருந்த லகார்டியா அவற்றுக்குப் 'பொறுமை' என்றும் 'மன உறுதி' என்றும் பெயர் வைத்தார். பின்னர் அந்நகரத்து நூலகங்களுக்கு நேர்ந்தவற்றைப் படிக்கும்போது, பெயர்கள் முன்யோசனையோடு வைக்கப்பட்டவையோ என்று தோன்றுகிறது.

கிளைகளின் கதை வேறு. இரும்பு ஆலை அதிபராகிய ஆண்ட்ரூ கார்னெகி 1901-இல் அந்நகரத்துக்கு 52 லட்சம் டாலர் தந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட கிளைக் கட்டிடங்கள் அப்பணத்தில் எழுந்தன. ஆனால் கொடையில் ஒரு நிபந்தனை இருந்தது. கட்டிடம் தன் செலவு. இடம் கொடுப்பதும், ஆண்டுதோறும் நடத்துவதும் நகரத்தின் செலவு. கட்டுவதற்குக் கொடையாளர் கிடைப்பார், நடத்துவதற்குக் கிடைக்க மாட்டார் என்பதை அந்த வணிகர் நன்றாக அறிந்திருந்தார் போலும். நம் ஊரிலும் வள்ளல்கள் பெயர் பொறித்த கட்டிடங்கள் உண்டு. பெயர்ப் பலகைக்குக் கீழே எரியும் விளக்கின் மின் கட்டணத்தைத் தம் பெயரில் கட்ட வந்தவரை நான் கண்டதில்லை.

ஆகவே அங்கு நூலகங்கள் நகராட்சியின் துறைகள் அல்ல; தனித்த அறநிறுவனங்கள். நகரம் ஆண்டுதோறும் அவற்றுக்கு மானியம் தருகிறது. அந்த மானியத்தை ஆண்டுதோறும் புதிதாக முடிவு செய்கிறது. இந்த 'ஆண்டுதோறும் புதிதாக' என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

2023 நவம்பரில் மேயர் எரிக் ஆடம்ஸ், நகரத்தின் எல்லாத் துறைகளும் ஆண்டின் நடுவிலேயே செலவைக் குறைக்க வேண்டும் என்று அறிவித்தார். நூலகங்களின் பங்குக்கு வந்த வெட்டு 2 கோடியே 36 லட்சம் டாலர். அந்த மாதக் கடைசியிலும் டிசம்பரிலுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருந்த கிளைகள் அன்று மூடப்பட்டன. அடுத்த நிதியாண்டுக்கு 5 கோடியே 83 லட்சம் டாலர் குறைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அது நிறைவேறினால் பெரும்பாலான கிளைகள் சனிக்கிழமையையும் இழந்து வாரத்தில் ஐந்து நாள்களே திறந்திருக்கும் என்று நூலகத் தலைவர்கள் நகர மன்றத்தில் சொன்னார்கள்.

அந்த நிதியாண்டுக்கு நகரம் கடைசியில் ஏற்றுக்கொண்ட மொத்தச் செலவு 11,240 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நகரம் 10,000 டாலர் செலவு செய்தால், நூலகத்திடமிருந்து பிடிக்க நினைத்தது அதில் ஏறத்தாழ 5 டாலர் 20 சென்ட்.

என் ஒப்படைப்பில் இந்த இடத்தில், 'தொகை மிகச் சிறியது. ஆகவே பாதிப்பும் பெரிதன்று' என்று எழுதி வைத்தேன். திருத்தி வந்த தாளில் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, அருகே 'யாருக்கு?' என்று ஒரே சொல்லைப் பேராசிரியர் எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்கு விடை தேடப் போய்த்தான் பாதிக் கட்டுரையை மறுபடி எழுத நேர்ந்தது.

நூலகத்தில் வெட்டு எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும். சாலைக்கான பணத்தைக் குறைத்தால் ஒரு சாலை குறையும். மற்றச் சாலைகள் அப்படியே இருக்கும். நூலகத்தின் செலவில் பெரும்பகுதி ஆட்களின் ஊதியம். அடுத்துக் கட்டிடத்தின் செலவு. நூல் வாங்கும் பணம் இவற்றை நோக்கச் சிறியது. நூல் வாங்குவதை நிறுத்தினால் அலமாரி பழையதாகிவிடும், ஆனால் மிச்சப்படுவது கொஞ்சம். ஆகவே கைவைக்கக் கூடியது நேரம் ஒன்றுதான். நூலகத்துக்கு வெட்டு என்றால் கதவு திறந்திருக்கும் மணிகளில் வெட்டு என்று பொருள்.

எந்த மணியை வெட்டுவது? அலுவலகம் போகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை முற்பகல் போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான். அவருக்கு ஞாயிறு வேண்டும். வாரம் ஆறு நாள் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஒற்றை அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் ஞாயிறு வேண்டும். அந்நகரத்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆங்கிலம் கற்கவும், குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கவும், வேலைக்கு மனு எழுதவும், கோடை வெயிலில் குளிர்ந்த காற்றுக்காக உட்காரவும் அவர்கள் போகும் இடம் கிளை நூலகம். சொந்தமாகப் புத்தகமும் கணினியும் தனியறையும் உள்ளவருக்கு இந்த மூடலே தெரியாது. இழப்பு முழுவதும் மற்றவர் மீது இறங்குகிறது.

மேயர் பக்கத்துக் கணக்கையும் சொல்லாவிட்டால் நான் பொருளியல் படித்து என்ன பயன்? 2022 இளவேனில் முதல் அடைக்கலம் தேடி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். தங்க இடம் கேட்பவருக்கு இடம் தந்தாக வேண்டும் என்பது அங்கு 1981-இல் நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாடு. கொள்ளை நோய்க் காலத்தில் மத்திய அரசு தந்த சிறப்பு நிதியும் முடிந்துகொண்டிருந்தது. வெட்டு நூலகத்துக்கு மட்டும் அன்று. காவல், தீயணைப்பு, பள்ளி எல்லாவற்றுக்கும் வந்தது. ஆனால் 2024 ஜனவரியில், காவல் துறை, தீயணைப்புத் துறை முதலியவற்றின் வெட்டுகளில் சிலவற்றை மேயரே திரும்பப் பெற்றுக்கொண்டபோது, நூலகத்தின் ஞாயிறு திரும்பவில்லை.

ஏன்? நகரத்தின் செலவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். கடனுக்கு வட்டி கட்டாதிருக்க முடியாது. ஓய்வூதியத்தை நிறுத்த முடியாது. தங்குமிடத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வராவிட்டால் மறுநாளே பத்திரிகையில் படம் வரும். ஒரு சிறுமி ஒரு ஞாயிறு நூலகத்துக்குப் போகவில்லை என்பது எந்தப் பத்திரிகைக்கும் செய்தி ஆகாது. அவள் எதைப் படிக்காமல் விட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. கட்டுண்ட செலவுகளையெல்லாம் ஒதுக்கிய பின், கட்டப்படாமல் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பவை நூலகமும் பூங்காவும் கலை நிகழ்ச்சியும்தான். கை அங்கே போகிறது.

நடனம்

இந்தக் கதையின் முடிவு ஒருவகையில் இனிமையானது. கிளைகளின் வாசகர்களும் நூலகப் பணியாளர்களும் பல மாதம் மன்றத்துக்கு எழுதினார்கள். கூட்டங்களில் சாட்சியம் சொன்னார்கள். 2024 ஜூன் கடைசியில் மேயரும் நகர மன்றத் தலைவரும் உடன்பட்டு, அந்த 5 கோடியே 83 லட்சத்தையும் திரும்ப வைத்தார்கள். ஜூலையில் ஞாயிறுக் கதவுகள் திறந்தன. (மேயர் எரிக் ஆடம்ஸ், மன்றத் தலைவர் ஏட்ரியன் ஆடம்ஸ். உறவினர் அல்லர். ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். படிக்கும்போது நான் இருவரையும் குழப்பிக்கொண்டு ஒரு பக்கத்தை அடித்து எழுதினேன்.)

ஆனால் அந்நகரத்தில் இது புதிதன்று. மேயர் வெட்டை முன்மொழிவார், மக்கள் கூக்குரலிடுவர், மன்றம் போராடிப் பணத்தை மீட்டுத் தரும், ஜூன் கடைசி நாளில் எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வர், அடுத்த ஆண்டு மறுபடியும் வெட்டு. 'பட்ஜெட் நடனம்' என்றே அவ்வூரில் இதற்குப் பெயர். 1975-இல் நகரமே திவாலாகும் நிலைக்குப் போனபோது கிளைகளின் நேரம் கடுமையாகக் குறைந்ததை முதியவர்கள் மறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அச்சம் உண்மையாகவே இருக்கிறது.

பணம்தான் கடைசியில் வந்துவிடுகிறதே, தீங்கு என்ன என்று கேட்கலாம். ஜூன் வரை உறுதியில்லாத பணத்தை நம்பி ஜனவரியில் ஒருவரை வேலைக்கு எடுக்க எந்த நூலகமும் துணியாது. காலியிடம் காலியாகவே நிற்கும். நூலகர் வாசகருக்குச் செலவிட வேண்டிய நேரத்தில் பாதியை, தாம் ஏன் தேவை என்று விளக்குவதில் செலவிடுவார். ஏழு மாதம் மூடிக்கிடந்த ஞாயிறுகளை ஜூலையில் வந்த பணம் திருப்பித் தர முடியுமா?

வேறு ஊர்களில்

அப்படியானால் நூலகப் பணத்தைச் சட்டத்தில் கட்டிவைத்துவிட்டால் போதாதா என்பது என் அடுத்த கேள்வி. அதற்கு இரண்டு அமெரிக்க நகரங்களைப் பார்த்தேன்.

2008 நவம்பரில் பிலடெல்பியாவின் மேயர் மைக்கேல் நட்டர், நகரத்தின் 54 கிளைகளில் 11-ஐ மூடப்போவதாக அறிவித்தார். உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்த மாதம் அது. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். நகரத்துக்குச் சொந்தமான கட்டிடத்தை மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மேயர் மூடக் கூடாது என்று 1988-இல் இயற்றப்பட்ட ஒரு விதி, எல்லோரும் மறந்த நிலையில், ஏட்டில் இருந்தது. டிசம்பர் 30 அன்று நீதிபதி அதை எடுத்துக்காட்டி மூடலைத் தடுத்தார். கதவுகள் அடைபடும் நாள் நெருங்கியிருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நூலகத்தின் பங்கு நகரப் பட்டயத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது: சொத்தின் மதிப்பில் 100 டாலருக்கு 1.75 சென்ட். எவர் மேயராக வந்தாலும் அதில் கைவைக்க முடியாது. இருந்தும் 2010-இல் அங்கு நூலகங்கள் ஞாயிறும் திங்களும் மூடின. எப்படி? பங்கை நகரம் தொடவில்லை. அதுவரை நகரமே ஏற்றுவந்த மின்சாரம், ஓய்வூதியம் போன்ற செலவுகளை நூலகத்தின் கணக்கில் ஏற்றத் தொடங்கியது. முன்வாசல் பூட்டியிருந்ததால் கொல்லை வழியே வந்தது வெட்டு. 2011 மார்ச் 8 அன்று மக்கள் வாக்களித்து 1.75 சென்ட்டைப் படிப்படியாக 3 சென்ட்டாக உயர்த்திக்கொண்டார்கள். அவ்வாண்டிலேயே திங்கட்கிழமை திரும்பியது. ஒரு நகரத்து மக்கள் கடினமான காலத்தில், இதற்கு இன்னும் கொடு என்று தாமே வாக்களித்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம் சுமார் 19 கோடி பவுண்டு செலவில் கட்டிய மாபெரும் நூலகத்தை 2013 செப்டம்பரில் மலாலா யூசப்சாய் திறந்து வைத்தார். 2015-இல் அது திறந்திருந்த நேரம் வாரத்துக்கு 73 மணியிலிருந்து 40 மணியாகச் சுருங்கிவிட்டது. கார்னெகி சொன்னதைத்தான் இங்கும் காண்கிறோம்.

பென்னியிலிருந்து பைசாவுக்கு

இங்கிலாந்தைக் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. என் ரசீதிலிருந்த அந்த 48 ரூபாயின் பூர்வீகம் அந்நாட்டில் இருக்கிறது.

1850-இல் இங்கிலாந்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நகரங்கள் சொத்து வரியோடு பவுண்டுக்கு அரைப் பென்னி நூலகத்துக்கென்று வசூலிக்கலாம் என்றது அச்சட்டம். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டிடத்துக்கும் ஆளுக்கும்தான் செலவிடலாம். புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகங்களை யாராவது நன்கொடையாகத் தருவார்கள் என்று சட்டம் செய்தவர்கள் நினைத்தார்கள். 1855-இல்தான் அரைப் பென்னி ஒரு பென்னியாயிற்று. புத்தகம் வாங்கவும் வழி பிறந்தது.

சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த ரங்கநாதன் அவர்கள் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகக் கலை பயில அவரை இலண்டனுக்கு அனுப்பினார்கள். அங்குப் பொது நூலகங்கள் சாதாரண மக்களிடையே எப்படி இயங்குகின்றன என்பதை அவர் ஊர் ஊராகச் சென்று பார்த்தார். திரும்பி வந்தபின் 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக, நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், சட்டத்தில் வரி வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதற்சட்டம் அதுவே.

அதன்படி நகராட்சியும் மாநகராட்சியும் ஊராட்சியும் சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்கின்றன. இன்று அது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வசூலித்ததைத் தாம் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்திவிட வேண்டும். நம் ஊர் நகர்மன்றத்தில் எவரும் எழுந்து, 'இவ்வாண்டு நூலகத்துக்கு இவ்வளவு குறைப்போம்' என்று முன்மொழிய இயலாது. நியூயார்க்வாசிகள் ஒவ்வொரு ஜூனிலும் கேட்டுப் பெறும் பாதுகாப்பை நமக்கு 1948-லேயே செய்து வைத்துவிட்டார்கள். ஒப்படைப்பை இந்த மகிழ்ச்சியோடு முடித்து, 50-க்கு 41 மதிப்பெண்ணும் வாங்கினேன்.

முடித்த பிறகு

மதிப்பெண் வந்த மறுவாரம், ஞாயிறு பிற்பகல் நூலகத்துக்குப் போனேன். எங்கள் கிளைக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் நாங்கள் ஆறு பேர் ஞாயிறு பிற்பகலில் அங்குதான் கூடுவோம். வீட்டில் தொலைக்காட்சி ஓடும், விருந்தினர் வருவர், 'சும்மாதானே உட்கார்ந்திருக்கே' என்று யாராவது வேலை சொல்வர். நூலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர்தான் விவரம் சொன்னார். அடுத்த ஊர் நூலகர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. எங்கள் நூலகரே அதையும் சேர்த்துக் கவனிக்கிறார். ஆகவே வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் இங்கே பூட்டு. ஞாயிறு அவற்றுள் ஒன்று.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவரைப் பார்த்து, நியூயார்க் கதையை ஆர்வத்தோடு சொன்னேன். அங்கு ஞாயிறு போனதையும் திரும்பி வந்ததையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அங்க யார் குறைச்சாங்க, எவ்வளவு குறைச்சாங்க, என்னிக்குக் குறைச்சாங்கன்னு உனக்குத் தெரியுதும்மா. அதனால போய்க் கேட்டாங்க. இங்க யாரும் எதையும் குறைக்கலையே. ஒருத்தர் ரிட்டயர் ஆனார், இடம் காலி. நீ யாரைப் போய்க் கேப்பே?"

"வரி வருதே சார்?"

"வசூல் ஆகுது. வந்து சேரணும்."

நூலக வரியை வசூலித்த உள்ளாட்சிகள் அதை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை செய்தி வந்திருக்கிறது. அவற்றைத் தேடிப் படித்தபோதுதான் லாஸ் ஏஞ்சல்ஸின் கொல்லைவாசல் எனக்கு விளங்கியது. நம்முடைய பங்கைச் சட்டம் காக்கிறது. பங்கு வந்து சேரும் நாளை யாரும் காப்பதில்லை. நியூயார்க்கில் வெட்டுக்குத் தேதி உண்டு, தொகை உண்டு, முன்மொழிந்தவர் பெயர் உண்டு. அதனால் எதிர்க்கவும் இடம் உண்டு. நம்முடையது நிலுவையாகவும் காலியிடமாகவும் கூடுதல் பொறுப்பாகவும் சத்தமில்லாமல் வருகிறது. முன்மொழிவே இல்லாதபோது மன்றத்தில் எதை எதிர்த்துப் பேசுவது? அந்த நடனத்தை நான் ஒப்படைப்பில் கேலியாகத்தான் எழுதியிருந்தேன். இப்போது அவ்வளவு கேலி தோன்றவில்லை.

நூலகரைக் கேட்டேன், நாங்கள் என்ன செய்யலாம் என்று. மனு எழுதச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எழுதவும் சொன்னார், ஆறு பேரும் கையெழுத்திட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பியிருக்கிறோம். நகராட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் பத்து ரூபாய் கட்டியிருக்கிறான். ஆனால் நூலகர் முதலில் காட்டியது வாசலருகே மேசைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டை.

"எத்தனை பேர் வராங்கன்னு மேலே கேட்டா நான் காட்டறது இந்த நோட்டைத்தான். நீங்க பாட்டுக்கு வந்து படிச்சிட்டுப் போறீங்க. யாராவது இதுல எழுதறீங்களா?"

புரட்டிப் பார்த்தேன். பூட்டு விழுவதற்கு முந்திய ஞாயிறு. உட்கார இடம் இல்லாமல் நான் அரை மணி நேரம் நின்றுகொண்டே படித்த நாள் அது. முப்பது பேருக்குக் குறையாது. பதிவேட்டில் இருந்தவை ஒன்பது பெயர்கள். என் பெயர் இல்லை. அதற்கு முந்திய ஞாயிறும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக வாரந்தோறும் வந்த நான், அந்த நோட்டின் கணக்குப்படி, மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவள்.

அன்றைய பக்கத்தில் தேதி மட்டும் எழுதப்பட்டிருந்தது. பெயர், முகவரி, வந்த நேரம் மூன்றையும் எழுதினேன். பிறகு உள்ளே போய், நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர்களையும் மாணவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு அழைத்து வந்தேன். நான்காவது ஆள் எழுதும்போது, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவில் மை தீர்ந்துவிட்டது. என் பேனாவைக் கொடுத்துவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.